உப்புச் சாயோடு விழுங்கிய மாத்திரை

எங்கள் பனிமலை ஊரான ஷார்நாக்கில் முபீனாவின் குரல் சந்துமுனையில் கேட்டாலே கர்ப்பிணிப் பெண்கள் வைக்கோல் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அவள் விடமாட்டாள். கொட்டகைக்குள்ளேயே போய், மாட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "வாயைத் திற" என்பாள். மாத்திரையைப் போடுவாள். "நாக்கைத் தூக்கு" என்பாள். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். வீடு வீடாகப் போகிற சுகாதார வேலைக்குச் சர்க்கார் அவளுக்குக் கொடுத்த பெயர் ஆஷா ஊழியர். பெண்கள் வைத்த பெயர் போலீஸ்காரி.

அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. ரத்தம் ஊறக் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை என்றால் எங்கள் பெண்களுக்கு ஆகவே ஆகாது. குமட்டும், மலம் கறுக்கும். அதைத் தின்றால் பிள்ளை பெருத்துப்போய் வெளியே வராது என்று எந்தப் புண்ணியவதியோ கிளப்பிவிட்ட பேச்சு வேறு. பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள், அவள் தலை மறைந்ததும் அடுப்பில் போடுவார்கள். ஒருத்தி ரோஜாச் செடிக்குப் போட்டாள். செடி நன்றாகத்தான் வந்தது. இந்தக் கூட்டத்தோடு பதினான்கு வருஷம் மல்லுக்கட்டினாள் முபீனா. அந்தப் பதினான்கு வருஷத்தில் ஊரில் ஒரு தாய்கூடப் பிரசவத்தில் சாகவில்லை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. நடையில் தெரியும்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. புருஷன் வலீ கொத்தனார், குளிர்காலத்தில் வேலை இல்லாமல் காங்ரி என்கிற தணல் சட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். இரண்டு பையன்கள் வெளியூரில் படித்தார்கள். எட்டாம் வகுப்புவரை படித்த மருமகள் என்று அவளைப் பிடித்து ஆஷா வேலையில் போட்டபோது, இரண்டு மாதத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் சொல்லாத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற பிறவி அவள். மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் என்ன சொல்கிறோம் என்று தெரியாது. அந்த ஒரு குறைதான்.

மன்ஸூரின் மனைவி ஜவாஹிரா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று முபீனா தன் வீட்டில் அல்வா கிண்டினாள். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. மன்ஸூர் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறவன், வாயில்லாத மனுஷன். ஆனால் எந்த தர்காவின் ஜன்னலில் பார்த்தாலும் பிள்ளை வேண்டி அவன் கட்டிய கயிறு ஒன்று இருக்கும். அவனுடைய அம்மா ஃபஸி, எங்கள் எல்லோருக்கும் மோஜி, அதாவது அம்மா, அதற்கு நேர்மாறு. அவள் நாக்குக்கு ஊரே நடுங்கும். மருமகளை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாதவளை ஒரு சொல் சொல்லாத மாமியார் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த முறை ஆறாம் மாதம்வரை கரு நின்றது. நெல் அறுப்பு முடிந்த சமயம், முபீனா அவளைக் கீழே கடைத்தெருவில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு.

டாக்டர் நவீதா நகரத்திலிருந்து வந்த இளம்பெண், முபீனாவை அக்கா முறையில் பாஜி என்பாள். காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "பத்துக்கு மேல ஏறணும், முபீனா பாஜி. ஏறலன்னா பிரசவத்துல மத்தவங்களுக்குப் போற ரத்தம் போனாலே இவ தாங்கமாட்டா. தினம் ரெண்டு மாத்திரை. உங்க பொறுப்பு."

"என் பொறுப்பு" என்றாள் முபீனா.

முதல் வாரம் பெரும்பாடாகிவிட்டது. குழாய்த் தண்ணீர் அப்போதே பல்லைக் கூச வைத்தது. அந்தத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கியதும் ஜவாஹிரா ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஃபஸி கிழவி சாய் கொதிக்கிற செம்புச் சமாவாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வயித்துப் பிள்ளைக்கு ஐஸ் தண்ணியா ஊத்துறே? சர்க்காரு சொன்னா வெஷத்தையும் குடுப்பியாடி நீ?"

"மாத்திரை உள்ள போகணும் மோஜி. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மனுஷங்க மாதிரி சூடா ஏதாவது குடு."

முபீனா சமாவாரைப் பார்த்தாள். உப்புச் சாய் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சைத் தேயிலையைச் சோடா உப்புப் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, ஆற்றி ஆற்றி இளஞ்சிவப்பாக இறக்குகிற எங்கள் சாய். காலையில் ரொட்டியோடு அதுதான் சாப்பாடு, சாயங்காலமும் அதுதான். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் மாத்திரை தின்றபோது முபீனாவும் அதோடுதான் தின்றிருந்தாள்.

"சரி, தண்ணி வேணாம். சாயோட முழுங்கு கண்ணு" என்றாள்.

ஜவாஹிரா விழுங்கினாள். குமட்டவில்லை. மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துபோயிற்று.

"நிறத்தைப் பாரு, ரத்தம் மாதிரியே இருக்கு. இதுக்கு மேலயா ஒரு மருந்து?" என்று ஃபஸி இன்னொரு கோப்பை ஊற்றினாள். "குடி மகளே. உன் பீடையெல்லாம் எனக்கு வரட்டும்."

முபீனா ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். சர்க்கரை போட்ட கறுப்புச் சாய் கூடாது. விருந்தாளிகள் வந்தால் போடுவார்களே, அது. மாத்திரை தின்கிற கர்ப்பிணிகளுக்குச் சாய் ஆகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் ஜவாஹிராவுக்கு அன்றோடு கறுப்புச் சாய் நின்றது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முபீனாவின் முதல் வீடு அதுதான். ஜன்னலோரம் பாயில் மூன்று பேரும் உட்காருவார்கள். ரொட்டிக்காரன் கடையிலிருந்து வந்த ரொட்டி சூடாக இருக்கும். ஜவாஹிரா மாத்திரையை வாயில் போட்டு, கோப்பையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். பிறகு தானே நாக்கைத் தூக்கிக் காட்டுவாள்.

"பாஜி, நாக்கை மட்டும் பாத்தா போதுமா? வந்தது வந்தீங்க, பல்லையும் எண்ணிட்டுப் போங்க."

"வாய் நீளுதே. ரத்தம் ஏறுதுன்னு அர்த்தம்."

"பிள்ளையும் உங்களைக் கண்டா உள்ள ஒளிஞ்சுக்குது. நீங்க போனப்புறம்தான் உதைக்குது."

"வெளிய வரட்டும். அதுக்கும் நாக்கைத் தூக்கிப் பாக்கறேன்."

சாயங்காலத்து மாத்திரையை ஃபஸி கொடுப்பாள், அதுவும் சாயோடு. குளிர் ஏற ஏறச் சாய் கூடிற்று. நாளுக்கு ஆறு கோப்பை, ஏழு கோப்பை. வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து என்று ஃபஸியின் கணக்கு. ராத்திரி தூக்கம் வரவில்லை, படபடவென்று இருக்கிறது என்று ஜவாஹிரா சொன்னபோது, எட்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளை, படபடப்பு இல்லாமலா இருக்கும் என்று சிரித்தார்கள். மருமகள் ஊதிய மாதிரி இருப்பதையும் வெளுத்துப்போயிருப்பதையும் எல்லோரும் அழகு கூடியிருக்கிறது என்றார்கள். எங்களுக்கு வெளுப்பு என்றால் அழகுதானே.

நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கிப் பத்து நாள் ஆனதும் மறுபடி கீழே கூட்டிப்போனாள். பத்தைத் தாண்டியிருக்கும், குறைந்தது ஒன்பதரையாவது இருக்கும் என்று வண்டியில் போகும்போதே சொல்லிக்கொண்டு போனாள். ஏழு புள்ளி ஆறு.

முபீனாவுக்குக் காகிதத்தை நம்ப முடியவில்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். அதே எண்.

"மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள் டாக்டர். வெளியே நாற்பது பெண்கள் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலைல என் கண்ணு முன்னாடி, டாக்டர். சாயங்காலம் வீட்டுல."

"அப்படின்னா ஏறியிருக்கணுமே" என்று டாக்டர் ஜவாஹிராவைப் பார்த்தாள். "இனிமே மாத்திரையை நம்பிப் பிரயோஜனம் இல்ல. வர்ற புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. இரும்புச் சத்தை ஊசி வழியா ஏத்திடலாம். இன்னும் ஒரு மாசம் இருக்கு, பயப்படாதீங்க." அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் பார்த்த அந்தப் பார்வை முபீனாவின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பதினான்கு வருஷம் பெண்கள் அவளை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். இவளும் அதே ஜாதிதானா? சாயங்கால மாத்திரையை யார் பார்த்தார்கள்? காலையில் விழுங்கியதைக்கூட, தான் போன பிறகு விரலை விட்டு வெளியே எடுத்தாளோ? வண்டி மேடேறி ஊர் வருவதற்குள் அவளுக்குச் சந்தேகம் இல்லை, நிச்சயமே வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஜவாஹிராவின் படுக்கையைப் புரட்டினாள். தலையணையை உதறினாள். பாயைத் தூக்கினாள். சுவரோரம் ஒரு சிவப்பு மாத்திரை கிடந்தது.

"இது என்ன?"

ஜவாஹிரா விழித்தாள். "அது... மொத வாரத்துல வாந்தி வந்தப்ப கையிலிருந்து விழுந்துச்சு பாஜி. அன்னைக்கே தேடினேன், கெடைக்கல."

"நல்லா சொல்றே. எத்தனை விழுந்துச்சு? எத்தனை துப்பினே?"

"அல்லா சத்தியமா ஒண்ணுகூடத் துப்பல. நீங்கதான் தினம் பாக்கறீங்களே!"

"நான் பாத்தது உன் நாக்கை. உன் மனசை எங்க பாத்தேன்? எட்டு வருஷம் தவம் கெடந்து வந்த பிள்ளைடி. அதுக்கே துரோகம் பண்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. சொன்ன மறு நிமிஷமே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் திரும்பினால் வாசலில் மன்ஸூர் நின்றுகொண்டிருந்தான். கையில் விறகு. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். முபீனாவின் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். விறகை அடுப்படியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

ஃபஸி அன்று சாயங்காலமே மந்திரித்துக் கொடுக்கிற யாரோ பீர் சாகிபிடம் ஓடி ஒரு தாயத்து வாங்கி வந்து மருமகள் கையில் கட்டினாள். கண்ணேறு என்று அவள் கட்சி. மருமகள் பொய் சொல்லுவாள் என்று அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் ஜவாஹிராவை நம்பிய ஒரே ஆள் அந்தக் கிழவிதான்.

மறுநாளிலிருந்து முபீனா இரண்டு வேளையும் வந்தாள். ஜவாஹிரா முன்போலவே மாத்திரையைச் சாயோடு விழுங்கினாள், நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கேலி இல்லை. பேச்சு இல்லை. ஃபஸி கவலையில் கோப்பை காலியாவதற்கு முன்னாலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் ஃபஸி மாட்டுக்குத் தீனி வைக்கப் போன நேரம் பார்த்து ஜவாஹிரா மெதுவாகச் சொன்னாள். "பாஜி, அவர் என்கூடப் பேசறதில்ல. கேட்டாலும் பதில் இல்ல. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"புதன்கிழமை ஊசி போடுவாங்க. ரத்தம் ஏறட்டும், தானா பேசுவான்" என்று சொல்லிவிட்டு முபீனா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். உள்ளுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பனி விழ ஆரம்பித்தது. புதன்கிழமை கதவைத் திறக்க முடியவில்லை. வியாழன், வெள்ளி, விடவில்லை. இடுப்பளவு பனி. பாதையும் அடைத்துக்கொண்டது, கரண்டும் இல்லை. ஊரே கூரைப் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது முபீனா போன் எடுக்கிற இடம் தேடி மேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். பாதை திறந்த அன்றே கூட்டி வாருங்கள், அன்றைக்கே ஏற்றிவிடலாம் என்றார்கள். பாதை திறக்கவில்லை. காகிதம் வந்த பதினோராம் நாள், விடிந்து சற்று நேரத்தில், மூன்று வாரம் முன்னதாகவே ஜவாஹிராவுக்கு வலி கண்டது.

கட்டிலோடு தூக்கினார்கள். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் ஆம்புலன்ஸ் என்றால் நாலு தோள்தான். கட்டிலின் முன்பக்க வலது காலை மன்ஸூர் பிடித்துக்கொண்டான். வலீகூடப் போர்வையை உதறிவிட்டு வந்து தோள் கொடுத்தான். ஊர்ப் பையன்கள் முன்னே போய்ப் பனியை மிதித்துப் பாதை போட, பின்னால் முபீனா, அதற்குப் பின்னால் வாய் ஓயாமல் துவா ஓதிக்கொண்டு ஃபஸி. பாதை திறந்திருந்த இடத்தில் வண்டி வந்து நின்றிருந்தது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

சுகாதார நிலையத்தில் நண்பகலில் குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததும் வீறிட்டு அழுதது, நல்ல எடை. ஃபஸி வராந்தாவிலேயே நெற்றியைத் தரையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் வயிற்றை அழுத்தினாள், டாக்டர் நவீதா ஊசிமேல் ஊசி போட்டாள், நின்றும் போயிற்று. இதைவிட அதிகமாக இழந்துவிட்டு எழுந்து நடந்த பெண்களை முபீனா பார்த்திருக்கிறாள். ஆனால் ஜவாஹிராவிடம் இழக்க என்ன இருந்தது? உதடும் நகமும் ஒரே நிறமாக வெளுத்துப்போயிருந்தன. நகரத்துக்குக் கொண்டுபோங்கள், ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வண்டியில் ஏற்றினார்கள். மன்ஸூர் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முபீனா.

"பிள்ளை அழுதுச்சா பாஜி?"

"ஊரையே கூட்டிட்டா. உன் மாமியார் தொண்டை."

ஜவாஹிராவின் வாய்க்கோணத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பாப்ளார் மரங்கள் நிற்கும் வளைவைத் தாண்டுவதற்குள் கை குளிர்ந்துவிட்டது. முபீனா வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நகரம்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து ரொட்டியும் சமாவாரும் வந்துகொண்டிருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் ஃபஸியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் ஒரு குறை வைக்கல. கேட்டுப் பாருங்க, முபீனாகிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு நாள்கூட அவளை வெறும் வயித்தோட விடல. என் கையால ஊத்திக் குடுத்தேன், கடைசி நாள்வரைக்கும் குடிச்சா." முபீனா தலையாட்டினாள். அழுதாள். இந்தப் பொண்ணு மாத்திரையை மட்டும் ஒழுங்காகத் தின்றிருந்தால் என்று மனசுக்குள் இறந்தவள்மேல் கோபப்பட்டுக்கொண்டே அழுதாள்.

ஆறாம் நாள் டாக்டர் நவீதா கூப்பிட்டனுப்பினாள். ஒரு தாய் இறந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு, நாலு பக்கம். பதினான்கு வருஷத்தில் முபீனா அதைப் பார்த்ததில்லை. டாக்டர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை முறை வீட்டுக்குப் போனீர்கள். என்றைக்கு வலி வந்தது. எவ்வளவு நேரத்தில் வண்டி வந்தது.

"மாத்திரை?"

"என்னால முடிஞ்சவரைக்கும் பாத்தேன் டாக்டர். காலை வேளை எல்லாம் என் கண்ணு முன்னாடி முழுங்கினா."

"வெறும் வயித்துலயா? எதோட?"

"சாயோட."

பேனா நின்றது. "என்ன சாய்?"

"உப்புச் சாய்தான். கறுப்புச் சாயை நான் அன்னைக்கே நிறுத்திட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பாஜி, அதுவும் தேயிலைதான். பச்சையா இருந்தா என்ன, சாயில இருக்கற துவர்ப்பு அந்த இரும்புச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். உடம்புல சேரவிடாது. தின்ன மாத்திரைல பாதிக்கு மேல வந்த வழியே போயிடும்."

"அப்போ அவ துப்பல?"

"துப்பியிருக்கணும்னு அவசியமே இல்ல. தினம் ரெண்டும் ஒழுங்கா முழுங்கியிருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும்." டாக்டர் பேனாவை மூடினாள். "சாய் மட்டும்தான் காரணம்னு நான் எழுதமாட்டேன். பனி விழுந்துச்சு, பாதை இல்ல, ஆரம்பத்துலயே ரத்தம் கம்மி. அன்னைக்கு எதோட முழுங்கறான்னு நானும் கேக்கல. நானும் தினம் குடிக்கறவதான், எனக்கே தோணல. இனிமே ஒண்ணு செய்யுங்க. மாசமா இருக்கறவங்களுக்கு நாளுக்கு ரெண்டு கோப்பை போதும். தூக்கத்தைக் கெடுக்கற சரக்கு வேற அதுல இருக்கு. மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரம் சாயே கூடாது. வெதுவெதுப்பான தண்ணி, எலுமிச்சை இருந்தா பிழிஞ்சுக்கட்டும்."

வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவுதான். சமாவாரில் சாய்க்குப் பதிலாக வெறும் தண்ணீரைக் காய்ச்சியிருந்தால் போதும். பயிற்சியில் மாத்திரையோடு சாய் கூடாது என்று சொன்ன அன்று, இடைவேளையில் எல்லோருக்கும் கொடுத்ததே உப்புச் சாய்தான். அதைக் குடித்துக்கொண்டேதான் முபீனா நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். கறுப்பாக, இனிப்பாக, விருந்தாளிக்குப் போடுவதுதான் சாய். பசிக்குக் குடிப்பதை யார் சாய் என்று எண்ணினார்கள்?

அன்றைக்கே ஊரில் இருந்த மற்ற நாலு கர்ப்பிணிகள் வீட்டுக்கும் போனாள். இன்ன நேரத்தில் மாத்திரை, இன்ன நேரத்தில் சாய் என்று கட்டளை போட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் "சொன்னதைச் செய்" என்று எரிந்து விழுந்தாள். ஃபஸியின் வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. நாள் போய் வாரமாயிற்று. சுற்று வழியாக நடந்தாள். சொன்னால் என்ன ஆகும்? என் கையால் ஊற்றினேன் என்று மார்தட்டி ஆறுதல் தேடுகிற கிழவி, அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வாள்? சொல்லாவிட்டாலோ ஜவாஹிரா மண்ணுக்குள்ளும் பொய்க்காரி. இரண்டையும் நினைத்து நினைத்து முபீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கோழை இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு மாதத்துக்கும் மேல் அவள் கோழையாகத்தான் இருந்தாள்.

ஒன்றரை மாதத்தில் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி. போய்ச் சொல்ல வேண்டியது அவள் வேலை. தட்டிக்கழிக்க வழியில்லை.

பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மன்ஸூர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸஃபூரா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபஸி இளைத்துப் பாதியாகியிருந்தாள். முபீனாவைக் கண்டதும் எதுவும் கேட்காமல் கோப்பையை எடுத்து ஊற்றினாள்.

"எங்கடி போயிட்டே இத்தனை நாளா? செத்தவ வீடுன்னு மறந்துட்டியா?"

முபீனா கோப்பையைத் தொடவில்லை. "மோஜி, ஒண்ணு சொல்லணும். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாதீங்க." நின்றபடியே சொன்னாள். டாக்டர் சொன்னது, மாத்திரை, சாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். "தண்ணியோட குடுத்துக்கிட்டிருந்ததைச் சாயோட குடுன்னு சொன்னது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ ஒண்ணுகூடத் துப்பல. பொய்க்காரின்னு சொன்னேனே, நான்தான் பாவி."

ஃபஸி தன் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். "நான் ஊத்தின சாயா?" என்றாள். "நான் ஊத்தினதா?"

"நீங்க ஊத்துனீங்க. சொன்னது நான். உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்."

கிழவி முகத்தை மூடிக்கொண்டு முன்னால் சரிந்தாள். ஊரை நடுங்கவைக்கிற அந்த வாயிலிருந்து ஒரு சாபமாவது வரும் என்று முபீனா காத்து நின்றாள். வந்திருந்தால் தேவலை. அவள் மன்ஸூரைப் பார்த்தாள். அடிப்பான், வெளியே போ என்பான் என்று நினைத்தாள்.

மன்ஸூர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் பேசியபோது சாயைப் பற்றிப் பேசவில்லை.

"கட்டில்ல தூக்கிட்டுப் போனோமே, அன்னைக்கு என்னைக் கூப்பிட்டா பாஜி. 'ஏங்க, நான் ஒண்ணையும் துப்பலங்க'ன்னா. தோள்ல பாரம், கால் வழுக்குது. மூச்சை வீணாக்காம சும்மா கெடன்னு சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னா. நான் திரும்பிப் பாக்கல. பதினோரு நாள் கழிச்சு அவகிட்ட நான் பேசின ஒரே பேச்சு அதுதான். சும்மா கெட."

முபீனா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை பொறந்தப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன்" என்றான்.

மடியில் குழந்தை சிணுங்கிற்று. அவன் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். அது மெதுவாக அடங்கிற்று. பிறகு அவன்தான் கேட்டான், ஊசி என்றைக்கு என்று.

"நாளைக்கு" என்றாள் முபீனா. "காலைல பத்து மணிக்கு."